இயேசுவை ஆசாரியர் என்பது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் வியாழக்கிழமை தோறும் வீட்டுக் கூட்டம் நடக்கிறது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வேதபாடம் எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இயேசுவை ஆசாரியர் என்று விளக்கும் புதிய ஏற்பாட்டுக் கடிதமான எபிரெயருக்கு எழுதின நிருபத்தைக் கையில் எடுத்தேன். 13 அதிகாரம்தானே, மழைக்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மழைக்காலம் போய்ப் பனிக்காலமும் வந்துவிட்டது. ஏழாம் அதிகாரத்தைத் தாண்டவில்லை. எல்லாரும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் எழுதி வைத்துவிட்டேன்.

கேட்டவர்களில் எங்கள் தென்னிந்தியத் திருச்சபையார் உண்டு, கத்தோலிக்கர் உண்டு, பெந்தெகொஸ்தே சபையார் உண்டு, எந்தச் சபைக்கும் போகாதவர்களும் உண்டு. என் மனைவி வீட்டார் கத்தோலிக்கர். அதனால் சில பதில்களை இரண்டு தரப்பும் படித்துப் பார்த்துத் திருத்தியிருக்கிறார்கள்.

"இயேசு தச்சு வேலை செய்ததால்தான் அவரை ஆசாரியர் என்கிறார்களா?"

ஏழாம் வகுப்புப் பையன் கேட்டது. அவனைக் குறை சொல்ல முடியாது. மரவேலை செய்கிறவரை ஆசாரி என்றுதான் கூப்பிடுகிறோம். மாற்கு 6:3 இயேசுவைத் தச்சன் என்கிறது. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்களும்கூட. ஆனால் இயேசுவை ஆசாரியர் என்பதற்கும் உளிக்கும் தொடர்பில்லை.

பெரியவர்களையும் இந்தச் சொல் தடுக்கிவிடும். தமிழில் ஆசாரியர் என்றால் கற்பிக்கிறவர். வைணவர்கள் ராமானுஜரை அப்படித்தான் சொல்கிறார்கள். நம் வேதாகமம் 'பிரதான ஆசாரியர்' என்கிற இடத்தில் கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் 'தலைமைக் குரு' என்று இருக்கிறது. குரு என்றாலும் நம் காதில் விழுவது வாத்தியார்தான். மூலத்தில் உள்ள எபிரெயச் சொல் கோஹேன், கிரேக்கச் சொல் ஹியெரியுஸ். மக்கள் சார்பாகக் கடவுளின் சந்நிதியில் நின்று பலியும் காணிக்கையும் செலுத்துகிறவர் என்று பொருள். வேலையை மட்டும் பார்த்தால் குருக்கள், பூசாரி என்ற சொற்களே பக்கத்தில் வரும். எபிரெயர் நிருபத்தைப் படிக்கும்போது 'போதகர்' என்ற எண்ணத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பாதிக் குழப்பம் தீரும்.

"பழைய ஏற்பாட்டு ஆசாரியருக்கு ஆடு அறுப்பதைத் தவிர வேறு வேலை இல்லையா?"

நிறைய இருந்தது. தூபம் காட்டுவது, விளக்கு எரியவைப்பது, மக்களை ஆசீர்வதிப்பது (எண்ணாகமம் 6:24-26), நியாயப்பிரமாணத்தைக் கற்பிப்பது, குஷ்டம் என்று சந்தேகப்படுகிறவரைப் பரிசோதித்து ஊருக்குள் சேர்ப்பதா வேண்டாமா என்று சொல்வது, எல்லாம் அவர்கள் பொறுப்பு.

எனக்குப் பிடித்தது முதல் பிரதான ஆசாரியரான ஆரோனின் உடை. யாத்திராகமம் 28-ஐப் பொறுமையாகப் படியுங்கள். தோளில் இரண்டு கற்கள், ஒவ்வொன்றிலும் 6 கோத்திரங்களின் பெயர். மார்பில் 12 கற்கள், வரிசைக்கு 3 வீதம் 4 வரிசை. ஒவ்வொன்றிலும் ஒரு கோத்திரத்தின் பெயர். அவர் உள்ளே நுழையும்போது தனியாக நுழைவதில்லை. தோளிலும் நெஞ்சிலும் மொத்த ஜனமும் போகிறது. ஆசாரியர் யார் என்று ஒரே படத்தில் காட்டச் சொன்னால் நான் பலிபீடத்தைக் காட்டமாட்டேன், இந்த மார்ப்பதக்கத்தைத்தான் காட்டுவேன்.

"மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும் பிரதான ஆசாரியரின் காலில் கயிறு கட்டி அனுப்புவார்களாமே?"

இதைப் பிரசங்கத்தில் கேட்காத ஆளே இல்லை போலிருக்கிறது. உள்ளே செத்து விழுந்தால் இழுத்து எடுக்கவாம். வேதாகமத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. எருசலேம் தேவாலயம் இருந்த காலத்தை நேரில் கண்ட யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் சொல்லவில்லை. உள்ளே போகும் நாளின் சடங்குகளைத் துளித்துளியாக விவரிக்கும் மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பும் சொல்லவில்லை. இடைக்காலத்தில் பரவிய கதை.

உண்மையில் நடந்ததே போதுமான அளவு பயம் தரும். ஆண்டில் ஒரே நாள், ஏழாம் மாதம் 10-ஆம் தேதி, பாவநிவாரண நாள். லேவியராகமம் 16-இன்படி பிரதான ஆசாரியர் பளபளக்கும் உடையைக் கழற்றிவிட்டு வெறும் சணல்நூல் உடை உடுத்துவார். முதலில் தன் பாவத்துக்காக ஒரு காளை. பிறகு ஜனத்துக்காக இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள்: ஒன்று பலியாகும், மற்றதன் தலையில் ஜனத்தின் பாவங்களைச் சுமத்தி வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார்கள். அதுதான் போக்காடு. இரத்தத்தோடு திரைக்குப் பின்னால், மகா பரிசுத்த ஸ்தலம் என்ற உள் அறைக்குள் போகிறவர் பிரதான ஆசாரியர் ஒருவரே.

ஊட்டியில் முத்தநாடு மந்து என்ற தோடர் பழங்குடிக் குடியிருப்பில் அவர்கள் கோவிலைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தரையோடு தரையாக ஒரு சின்ன வாசல். தவழ்ந்துதான் நுழைய முடியும், நுழைகிறவரும் அவர்களுடைய பூசாரி மட்டுமே. மற்ற எல்லாரும் வெளியே. அப்படி ஒரு வாசலை வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக நின்ற ஜனத்திடம் "உள்ளே வாருங்கள்" என்று யாரோ சொன்னால் எப்படி இருக்கும்? எபிரெயர் 10:19 சொல்வது அதைத்தான். இயேசு மரித்தபோது திரைச்சீலை மேலிருந்து கீழாகக் கிழிந்தது என்று மத்தேயுவும் மாற்குவும் எழுதுவதன் கனமும் அதுதான். இன்னொன்று: இயேசுவின் காலத்தில் அந்தத் திரைக்குப் பின்னால், பத்துக் கட்டளைப் பலகைகள் வைத்த உடன்படிக்கைப் பெட்டி இல்லை. பாபிலோனியர் எருசலேமை அழித்த காலத்துக்குப் பிறகு பெட்டி என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. உள் அறையில் ஒன்றுமே இல்லை என்கிறார் யோசேப்பஸ்.

"இயேசு ஒரு நாளாவது தேவாலயத்தில் ஆசாரியராக வேலை செய்தாரா?"

இல்லை. ஆசாரிய ஊழியம் லேவி கோத்திரத்தில் ஆரோன் வம்சத்துக்கு உரியது. இயேசு யூதா கோத்திரம். குஷ்டரோகிகளைக் குணமாக்கியபோதுகூட "ஆசாரியரிடம் போய்க் காட்டுங்கள்" என்று அனுப்பினார். நான்கு சுவிசேஷங்களிலும் அவரை யாரும் ஆசாரியர் என்று அழைப்பதில்லை. பிறப்பினால் உரிமை உள்ளவர் யோவான் ஸ்நானகன். அவருடைய தகப்பன் சகரியா ஆசாரியர். யோவானோ தேவாலயத்தை விட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்!

இயேசுவை நேரடியாக ஆசாரியர் என்று பெயர் சொல்லி விளக்குவது புதிய ஏற்பாட்டில் எபிரெயர் நிருபம் ஒன்றுதான். அதுவே 8:4-இல் ஒப்புக்கொள்கிறது: பூமியில் இருந்தால் அவர் ஆசாரியராக இருக்கமாட்டார்.

"லேவி கோத்திரம் இல்லாதவர் எப்படி ஆசாரியராக முடியும்? இது வசதிக்காக வளைத்த வாதம் இல்லையா?"

நல்ல கேள்வி, நிருபத்தை முதலில் படித்தவர்களும் கேட்டிருப்பார்கள். பதில் ஆரோனுக்கு முன்னால் போகிறது. ஆதியாகமம் 14-இல் ஆபிரகாம் போரிலிருந்து திரும்பும்போது சாலேமின் ராஜா மெல்கிசேதேக்கு அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்து அவனை ஆசீர்வதிக்கிறார். ஆபிரகாம் தசமபாகம் கொடுக்கிறான். மூன்றே வசனம், பிறகு ஆளைக் காணோம். ஆனால் அவர் உன்னதமான தேவனுடைய ஆசாரியர் என்று அங்கே எழுதியிருக்கிறது. லேவி அப்போது பிறக்கவே இல்லை. பல நூற்றாண்டு கழித்து 110-ஆம் சங்கீதம் தாவீதின் ஆண்டவரைப் பார்த்து, "நீர் மெல்கிசேதேக்கின் முறைமையின்படி என்றென்றைக்கும் ஆசாரியராயிருக்கிறீர்" என்கிறது.

எபிரெயர் 7-இன் வாதம் இங்கேதான் முளைக்கிறது. லேவிய முறை போதுமானதாக இருந்தால், அது நடந்துகொண்டிருக்கும்போதே கடவுள் ஏன் வேறொரு முறைமையைப் பற்றி ஆணையிட வேண்டும்? இஸ்ரவேலில் ராஜா ஒரு கோத்திரம், ஆசாரியர் வேறு கோத்திரம். உசியா ராஜா தூபங்காட்டப் போய்க் குஷ்டரோகியானதை 2 நாளாகமம் 26 சொல்கிறது. ராஜாவும் ஆசாரியருமாக ஒருவரே இருப்பதற்கு வேதத்தில் கிடைக்கும் முன்மாதிரி மெல்கிசேதேக்குதான். வளைத்த வாதமா என்றால், சங்கீதம் 110 இல்லாவிட்டால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"மெல்கிசேதேக்குக்குத் தாயும் தகப்பனும் இல்லை என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் அவர்தான் இயேசுவா?"

எபிரெயர் 7:3-ஐ வைத்து அப்படிச் சொல்கிறவர்கள் நெடுங்காலமாக இருக்கிறார்கள். சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுருள் ஒன்று மெல்கிசேதேக்கைப் பரலோகத்து நியாயாதிபதி போலவே காட்டுகிறது. ஆகவே அந்தக் காலத்து யூதர் சிலரும் அவரைச் சாதாரண மனிதராக நினைக்கவில்லை.

நான் அந்தப் பக்கம் இல்லை. வசனம் அவர் தேவகுமாரனுக்கு 'ஒப்பானவர்' என்கிறது. ஒருவர் தனக்கே ஒப்பாக இருக்கமாட்டார். ஆதியாகமம் முக்கியமானவர்களை அறிமுகப்படுத்தும்போது பெரும்பாலும் இன்னாரின் மகன் என்று வம்சவரலாறு சொல்லும்; இவருக்கோ பிறப்பும் எழுதவில்லை, இறப்பும் எழுதவில்லை. எழுதியவர் அந்த மௌனத்தையே பிடித்துக்கொள்கிறார்: பிறப்புச் சான்றிதழைக் காட்டி ஆசாரியரானவர் அல்ல இவர், இயேசுவும் அப்படியே.

"பலி கொடுப்பவரும் அவரே, பலியும் அவரே என்றால் எப்படி?"

ஆசாரியர் கையில் எப்போதும் தன்னுடையது அல்லாத ஓர் உயிர் இருந்தது. ஆடோ காளையோ விரும்பி வரவில்லை, இழுத்து வந்தார்கள். எபிரெயர் 10 சங்கீதம் 40-ஐ எடுத்து, கடவுள் பலியை விரும்பவில்லை, "உம்முடைய சித்தத்தின்படி செய்ய வருகிறேன்" என்று வருகிற ஒருவரை விரும்பினார் என்கிறது. இயேசு கொடுத்தது தன் கீழ்ப்படிதலை, அதன் கடைசி எல்லையாகத் தன் உயிரை. கொடுக்கிறவரையும் கொடுக்கப்படுவதையும் அங்கே பிரிக்க முடியாது. கொன்றது ரோமச் சேவகர்கள்தான். ஆனால் முந்தின இரவே அப்பத்தை எடுத்து "இது உங்களுக்காகக் கொடுக்கப்படுகிற என்னுடைய சரீரம்" என்று சொல்லிவிட்டார். அவர்கள் எடுப்பதற்கு முன்பே அவர் கொடுத்தாகிவிட்டது.

"மத்தியஸ்தர் என்றால் கங்காணி மாதிரியா? துரைக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றவரை நான் பார்த்திருக்கிறேன், அப்படி ஒருவர் வேண்டாம்."

இலங்கையிலிருந்து வந்த பாட்டி கேட்டது. 1964-இல் ஏற்பட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்து இந்த மலையில் குடியேறிய எத்தனையோ குடும்பங்களில் அவர் குடும்பமும் ஒன்று. அங்கேயும் இங்கேயும் கங்காணியைப் பார்த்தவர். ஆள் பிடித்து வருவார், முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டிப்போடுவார், நம் கூலியில் அவருக்கும் பங்கு. துரையிடம் நம் குறை போகுமா என்பது அவர் இஷ்டம். போதாததற்கு நம் வேதாகமம் 1 பேதுரு 2:25-இல் இயேசுவையே 'ஆத்துமாக்களுக்கு மேய்ப்பரும் கண்காணியுமானவர்' என்கிறது. பாட்டிக்கு அந்த வசனத்தைக் கேட்டாலே முகம் சுருங்கும். இந்தத் தொகுப்பில் என்னை அதிகம் யோசிக்கவைத்த கேள்வி இதுதான்.

கங்காணி பிழைப்பது இடைவெளியில். துரையும் தொழிலாளியும் நேரே பேசிக்கொண்டால் அவருக்கு வேலையில்லை. ஆகவே தூரம் குறையாமல் பார்த்துக்கொள்வார். எபிரெயர் சொல்லும் ஆசாரியருக்கு வேலையே தூரத்தைக் குறைப்பது. 5:1-இன்படி ஆசாரியர் மனிதருக்குள்ளிருந்து எடுக்கப்பட வேண்டும். மேலிடத்திலிருந்து நம்மை மேய்க்க அனுப்பிய ஆள் ஆசாரியர் ஆகமாட்டார். தோட்டத்து லயன் வீடுகளில் நம் வரிசையிலேயே குடியிருந்தவராக இருக்க வேண்டும். 2:17-உம் அதையே சொல்கிறது: இரக்கமுள்ள பிரதான ஆசாரியராவதற்காகவே அவர் எல்லாவற்றிலும் சகோதரருக்கு ஒப்பாக வேண்டியிருந்தது.

பாட்டியின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: கடவுள் கோபக்காரத் துரை, இயேசு கெஞ்சிக் கேட்டு அவரைச் சாந்தப்படுத்துகிறாரா? சில பாட்டுகளும் பிரசங்கங்களும் அப்படித்தான் ஒலிக்கின்றன. நிருபம் அப்படிச் சொல்லவில்லை. இயேசு தம்மைத்தாமே ஆசாரியராக உயர்த்திக்கொள்ளவில்லை, அவரை ஏற்படுத்தியவர் பிதாவே என்கிறது 5:5. நமக்காகப் பேச ஆளை ஏற்பாடு செய்தவரே கேட்கிறவரும். பாவம் ஒரு பொருட்டே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. பிதாவும் குமாரனும் எதிரெதிர் கட்சி இல்லை என்றுதான் பொருள். பாட்டி முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "வேறு வார்த்தை போட்டிருக்கலாம்" என்றார். இருக்கலாம்.

"அவர் பாவமே செய்யாதவர். விழுந்து எழுந்தவனுடைய கஷ்டம் அவருக்கு எப்படித் தெரியும்?"

கொழுந்து மூட்டையை எடை போடும் இடம்வரை சுமந்து போனவருக்குத்தான் அந்த ஏற்றத்தின் முழுப் பாரமும் தெரியும். பாதியில் இறக்கி வைத்தவருக்குப் பாதிதான் தெரியும். சோதனையும் அப்படியே. இணங்கிவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும். இணங்காதவர் கடைசிவரை சுமக்கிறார். எபிரெயர் 4:15 அவர் எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டவர் என்கிறது. 5:7 அவர் பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம் பண்ணினார் என்கிறது. கெத்செமனேயில் நடந்ததைப் படித்துவிட்டு அவருக்கு எல்லாம் சுலபம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

"எல்லாம் முடிந்தது என்று சிலுவையில் சொல்லிவிட்டார். பிறகு இப்போது என்ன வேலை?"

எபிரெயர் 10:11-12-இல் ஒரு சின்ன வேறுபாடு இருக்கிறது. ஆசாரியர்கள் நாள்தோறும் 'நிற்கிறார்கள்'. இவர் ஒரே பலியைச் செலுத்தி 'உட்கார்ந்தார்'. ஆசரிப்புக் கூடாரத்தில் மேசை உண்டு, குத்துவிளக்கு உண்டு, தூபபீடம் உண்டு. ஆசாரியருக்கு ஒரு நாற்காலி கிடையாது. வேலை முடிவதே இல்லையே!

பலி முடிந்தது, பரிந்து பேசுவது முடியவில்லை. 7:25-உம் ரோமர் 8:34-உம் அவர் நமக்காக வேண்டுதல் செய்கிறவர் என்கின்றன. மார்ப்பதக்கத்தைப் பற்றி மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆசாரியர் சில நிமிடங்கள் பெயர்களைச் சுமந்து உள்ளே போய் வெளியே வந்துவிடுவார். இவர் வெளியே வரவில்லை.

"ஜெபத்தை 'இயேசுவின் நாமத்தில்' என்று முடிக்க மறந்துவிட்டால் கேட்கப்படாதா?"

கேட்கப்படும். அது கடிதத்தின் கடைசியில் ஒட்டும் தபால்தலை அல்ல. பரமண்டல ஜெபத்திலேயே அந்த வார்த்தைகள் இல்லை.

"கத்தோலிக்கர் தினமும் திருப்பலி நிறைவேற்றுகிறார்கள். ஒரே தரம் செலுத்திய பலியை மறுபடி செலுத்துகிறார்களா?"

இந்தக் கேள்வி காதில் விழுந்ததும் கத்தோலிக்கரான என் மைத்துனர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ஆகவே அவர்கள் சொல்வதை முதலில் சொல்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1562-இல் அறிவித்தது: திருப்பலியில் பலியாகிறவரும் அதே கிறிஸ்து, ஒப்புக்கொடுக்கிறவரும் அதே கிறிஸ்து, செலுத்தும் விதம் மட்டுமே வேறு. கல்வாரி மறுபடி நடப்பதில்லை, அந்த ஒரே பலி இங்கே இப்போது பிரசன்னமாகிறது. ஊட்டியில் காந்தல் குருசடித் திருத்தலத்தில் திருப்பலி காண்கிறவர் இன்னொரு சிலுவைப் பாடு நடப்பதாக நினைப்பதில்லை.

சீர்திருத்தச் சபைகளுக்கு இதில் மனம் ஒப்பவில்லை. "ஒரேதரம்" என்ற சொல்லை எபிரெயர் 7, 9, 10 அதிகாரங்கள் அத்தனை அழுத்திச் சொல்லும்போது, திருவிருந்தைப் பலி என்பதே அந்தச் சொல்லை மங்கவைக்கும் என்பது அவர்கள் கவலை. எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் "மறுபடி பலியிடுகிறார்கள்" என்று குற்றம் சாட்டுவது, அவர்கள் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வது. அதை நம் கூட்டத்தில் நிறுத்திக்கொள்வோம்.

"அப்படியானால் எங்கள் ஆயர் ஆசாரியரா, இல்லையா?"

முதலில் சொல் தகராறு: எங்கள் சபையில் ஆயர் என்றால் சபையை நடத்தும் குருவானவர், கத்தோலிக்கரிடம் ஆயர் என்றால் பிஷப். கேட்பவர் யார் என்று பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

புதிய ஏற்பாடு சபை ஊழியர் எவருக்கும் ஹியெரியுஸ் என்ற பட்டத்தைக் கொடுக்கவில்லை. மூப்பர் (பிரெஸ்புத்தெரோஸ்) என்கிறது, கண்காணி என்கிறது. பாட்டி மன்னிக்க வேண்டும். 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை தன் குருமாரைப் 'பிரெஸ்பிட்டர்' என்பது அந்தச் சொல்லை வைத்துத்தான். ஆசாரியர் என்ற சொல் 1 பேதுரு 2:9-இல் வருகிறது, ஆனால் விசுவாசிகள் எல்லாரையும் சேர்த்து: "ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்." 1520-இல் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் பிடித்துக்கொண்டது இதைத்தான். கத்தோலிக்கத் திருச்சபையும் 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்க ஏட்டில் எல்லா விசுவாசிகளுக்கும் பொதுக் குருத்துவம் உண்டு என்கிறது. ஆனால் பணிக் குருத்துவம் அதிலிருந்து தன்மையிலேயே வேறுபட்டது என்றும் சேர்க்கிறது. வேறுபாடு அங்கேதான்.

இந்தக் கேள்வியைச் சிலர் "ஆயர் சொன்னதைக் கேட்க வேண்டியதில்லை, அல்லவா?" என்ற ஆசையோடு கேட்கிறார்கள். சிலர் "அவர் ஜெபித்தால்தான் பலிக்கும்" என்ற பயத்தோடு கேட்கிறார்கள். இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். திரை கிழிந்த பிறகு வாசலில் காவல் நிற்க யாருக்கும் உரிமை இல்லை. உள்ளே போக ஒருவருக்கொருவர் கை கொடுக்கும் கடமை எல்லாருக்கும் இருக்கிறது, ஆயருக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

"குடியை விட்டு ஞானஸ்நானம் எடுத்தேன். மறுபடி விழுந்துவிட்டேன். எபிரெயர் 6 எனக்கு இனி இடமில்லை என்றுதானே சொல்கிறது?"

6:4-6 கடினமான பகுதி, மழுப்ப மாட்டேன். ஒருதரம் ஒளி பெற்று மறுதலித்துப்போனவர்களை மனந்திரும்புதலுக்கு மறுபடி புதுப்பிப்பது கூடாத காரியம் என்று அங்கே இருக்கிறது. உண்மையான விசுவாசி அப்படி விழவே மாட்டான் என்று கால்வின் வழியார் சொல்வார்கள். விழ முடியும் என்பதால்தான் எச்சரிக்கிறது என்று மெதடிஸ்டுகள் சொல்வார்கள். ஆனால் யாரைப் பற்றிப் பேசுகிறது என்று பாருங்கள். நிந்தையும் நஷ்டமும் பட்டுக் களைத்து (10:32-34), கிறிஸ்துவே வேண்டாம் என்று முதுகைக் காட்ட இருந்தவர்களை. விழுந்துவிட்டேனே என்று அழுதுகொண்டு வருகிறவரை அல்ல. கி.பி. 250-இல் ரோமப் பேரரசர் தேசியுவின் துன்புறுத்தலில் மறுதலித்தவர்களைத் திரும்பச் சேர்க்கக் கூடாது என்று ரோம் நகர மூப்பர் நோவாத்தியன் பிடிவாதம் பிடித்தபோது, திருச்சபை அவர் பக்கம் போகவில்லை.

அதே 6-ஆம் அதிகாரத்தைக் கடைசிவரை படித்தால், இயேசு திரைக்குள் நமக்கு முன்னோடியாகப் போயிருக்கிறார் என்றுதான் முடிகிறது. கேள்வி கேட்டவரிடம் நான் காட்டியது லூக்கா 22:32. "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று இயேசு பேதுருவிடம் சொல்கிறார். எப்போது? பேதுரு மூன்று தரம் மறுதலிப்பதற்கு முன்பு. சேவல் கூவிய பிறகு தொடங்கிய ஜெபம் இல்லை அது.

குடி நோய்க்கு மருத்துவமும் இருக்கிறது, அதை விடக்கூடாது என்றும் சொன்னேன். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்றார். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் போகிறோம்.